ட்ரில் 15 மி.மீ.க்கு மேல இறங்க மாட்டேங்குது, பெரிய மெஷின் வாங்கணுமா?

பால்கனிப்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கேள்வி அரைகுறையா இருந்தா கோச்சுக்காதீங்க.

ஹால்ல ஜன்னலுக்கு மேல புக் வைக்க ஒரு ஷெல்ஃப் மாட்டணும். பலகை 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், எல் ஷேப் பிராக்கெட் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் மூணு ஓட்டை. மொத்தம் ஆறே ஆறு ஓட்டைதான். ஆளு கூப்பிட்டா "வேற பெரிய வேலை இருந்தா சேர்த்து சொல்லுங்க"ன்னு சொல்லி போனை வச்சிடுறாங்க. சரி நாமளே போட்டுக்கலாம்னு ஒரு கார்ட்லெஸ் ட்ரில் வாங்கினேன், பெட்டி மேல 20 வோல்ட் மேக்ஸ்னு பெருசா போட்டிருந்துச்சு, கூடவே ஒரு டப்பால முப்பது பிட்டு, தங்க கலர்ல சிலது, கறுப்பு கலர்ல சிலது, வெள்ளியா சிலது, பாக்க நகைப்பெட்டி மாதிரி இருந்துச்சு.

பென்சில்ல மார்க் பண்ணி, ஸ்டூல் மேல ஏறி ஆரம்பிச்சேன். முதல்ல சர்ருன்னு இறங்குச்சு, எனக்கே நம்ப முடியல, அட இதுக்கா இவ்வளவு பயந்தோம்னு நினைச்சேன். ஒரு 15 மி.மீ. போனதும் நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னா மெஷின் சுத்துது, பிட்டு சுத்துது, உள்ள மட்டும் போக மாட்டேங்குது. உடம்பையே சாய்ச்சு அமுக்கிப் பாத்தேன், புகை வந்துச்சு, கருகின வாடை வந்துச்சு, வெளிய எடுத்துப் பாத்தா பிட்டு முனை நீல கலரா ஆயிடுச்சு. பக்கத்துல இன்னொரு மார்க்ல போட்டேன், அதே 15 மி.மீ., அதே கதை. அதுக்குள்ள பேட்டரியும் காலி.

இப்ப என் கேள்வி, மெஷினுக்கு பவர் பத்தலையா? இதைவிட பெருசா வாங்கணுமா? ஹேமர் ட்ரில்ங்குறாங்க, இம்பாக்ட் டிரைவர்ங்குறாங்க, ரோட்டரி ஹேமர்ங்குறாங்க, எல்லாம் ஒண்ணா வேற வேறயான்னே புரியல. இன்னொண்ணு, பழகிக்கலாம்னு ஒரு மரத்துண்டுல ஸ்க்ரூ முடுக்கிப் பாத்தேன், தலையில இருக்குற பிளஸ் குறி வழுக்கி வழுக்கி கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு, இப்ப அது உள்ளயும் போகாது வெளியயும் வராது. அதுக்கும் வழி இருந்தா சொல்லுங்க.

ரிவர்ஸ்கியர்:

முதல்ல ஒண்ணு பாருங்க. ட்ரிகர் மேல ஒரு சின்ன பட்டன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுற மாதிரி இருக்கும், அது ரிவர்ஸ்ல இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நான் ஒரு மதியம் முழுக்க ரிவர்ஸ்ல ஓட்டை போட்டு ரெண்டு பிட்டை கொன்னவன், அதுக்கப்புறம்தான் இந்த பேரு வச்சுக்கிட்டேன். பூச்சு மென்மையா இருந்தா ரிவர்ஸ்லயே கொஞ்ச தூரம் சுரண்டிட்டுப் போயிடும், அதனால சந்தேகமே வராது.

பால்கனிப்பூனை:

பாத்துட்டேன், சரியாதான் இருக்கு, ஃபார்வர்ட்தான். (ஆனா பாக்கப் போகும்போது நெஞ்சு பக்குன்னுச்சு.)

பழைய ஸ்பேனர்:

தங்கச்சி, மெஷினை இப்போதைக்கு விடுங்க. நான் கட்டட பராமரிப்பு வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருந்தவன், ஓட்டை இறங்கலைன்னு யாராவது சொன்னா நான் முதல்ல மெஷின் பேரு கேக்க மாட்டேன், கீழ என்ன கலர் தூசி கொட்டிக் கிடக்குன்னுதான் கேப்பேன். அதனால எனக்கு மூணு பதில் சொல்லுங்க. தூசி என்ன கலர்? எந்த பிட்டு போட்டீங்க, அது முனை எப்படி இருந்துச்சு? சக்குக்கு (பிட்டை இறுக்கிப் பிடிக்கிற வாய்) பின்னாடி இருக்குற வளையத்துல சுத்தியல் படம் இருக்கா?

பால்கனிப்பூனை:

அண்ணே, தூசி வெள்ளையும் சாம்பலுமா, மாவு மாதிரி. 15 மி.மீ.க்கு அப்புறம் தூசியே வரல. பிட்டு தங்க கலர்ல இருக்குறது, அதுதான் ஸ்ட்ராங்கா இருக்கும்னு நானா நினைச்சு எடுத்தேன். முனை கூம்பு மாதிரி கூரா இருந்துச்சு. வளையத்துல 1 முதல் 18 வரை நம்பர், அப்புறம் ஒரு பிட்டு படம், அவ்வளவுதான். சுத்தியல் படம் இல்ல.

இன்னொண்ணும் பண்ணினேன். அதே செவத்துல ஜன்னலை விட்டு ரெண்டடி தள்ளி, சோஃபாவுக்குப் பின்னாடி மறைவா ஒரு இடத்துல அதே பிட்டை வச்சுப் பாத்தேன், பொறுமையா போனா இறங்குது, சிவப்பு தூசி வருது. அப்ப ஒரே செவத்துல ஒரு இடம் போகுது ஒரு இடம் போகலைன்னா என்ன அர்த்தம்?

பழைய ஸ்பேனர்:

சோஃபாவுக்குப் பின்னாடி போட்டுப் பாத்தீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது.

சிவப்பு தூசி செங்கல். வெள்ளை சாம்பல் மேல இருக்குற சிமென்ட் பூச்சு, அது சாதாரணமா 12லேருந்து 15 மி.மீ. கனம் இருக்கும். நீங்க நின்ன இடமும் அதே 15. அதாவது நீங்க ரெண்டு தடவையும் பூச்சை மட்டும்தான் ஓட்டை போட்டிருக்கீங்க, அதுக்கப்புறம் பிட்டு மோதினது ஜன்னலுக்கு மேல குறுக்க ஓடுற லிண்டல். மேல இருக்குற செங்கல் வெயிட்டு ஜன்னல் ஃபிரேம் மேல இறங்கக்கூடாதுன்னு கம்பி கட்டி போட்ட கான்கிரீட் உத்திரம் அது. ஜன்னல் அகலத்தை விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி இருக்கும், சில வீட்டுல சுத்தி முழுசுமே பட்டையா ஓடும். செங்கல்ல போற வேகத்துல அதுல போகும்னு எதிர்பார்க்கவே கூடாது.

அடுத்தது பிட்டு. தங்க கலர்னா ஸ்ட்ராங்குன்னு நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, இரும்பு, அலுமினியம் மாதிரி உலோகத்துல ஓட்டை போடுற பிட்டுக்குத்தான் அதைப் பூசுவாங்க. உலோகத்தைச் சீவி எடுக்கணும், அதுக்கு கூர் வேணும். கான்கிரீட்டைச் சீவ முடியாது, நொறுக்கித்தான் எடுக்கணும். அதுக்கான பிட்டை முனையைப் பாத்தாலே தெரியும், தனியா ஒரு சின்ன உலோகத் துண்டை நடுவுல சொருகி ஒட்ட வச்ச மாதிரி, அம்பு முனை மாதிரி, உடம்பை விட ஒரு நூல் அகலமா, தொட்டுப் பாத்தா மொட்டையா இருக்கும். அந்தத் துண்டு டங்ஸ்டன் கார்பைடு. உங்க டப்பால வெள்ளி கலர்ல இருக்குறது அதுவாத்தான் இருக்கும், பாருங்க. கறுப்பும் தங்கமும் அனேகமா உலோகத்துக்கு. நடுவுல ஊசி மாதிரி ஒரு முள்ளு நீட்டிட்டு இருந்தா அது மரத்துக்கு, அந்த முள்ளு மரத்துல குத்தி நின்னுக்கிட்டு பிட்டு வழுக்காம பாத்துக்கும்.

முனை நீலமானதுக்கு காரணம் சூடு. எஃகு 300 டிகிரி பக்கத்துல போனாதான் அந்த நீலம் வரும். கான்கிரீட் மேல கூர் மழுங்கின பிறகு அது வெட்டல, தேய்ச்சுக்கிட்டு மட்டும் இருந்திருக்கு. அந்த பிட்டை இனி எதுக்கும் நம்பாதீங்க.

கடைசியா மெஷின். சுத்தியல் படம் இல்லைன்னா உங்களுது வெறும் டிரில் டிரைவர். மரம், தகரம், ஸ்க்ரூ முடுக்குறது, இதுக்கெல்லாம் அருமையான சாமான், திருப்பி குடுத்துடாதீங்க. சரியான பிட்டு போட்டா செங்கல்லயும் 6 மி.மீ. ஓட்டை போட்டுடும். ஆனா லிண்டலுக்கு அது ஆகாது. 20 வோல்ட்டுக்கு பதிலா 40 வோல்ட் வாங்கினாலும் சுத்துறது வேகமா சுத்தும், பிட்டு இன்னும் சீக்கிரம் நீலமாகும், அவ்வளவுதான் வித்தியாசம். அங்க சுத்துறது மட்டும் பத்தாது, அடியும் விழணும்.

கால்இஞ்சுஉளி:

அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, அந்த 20 வோல்ட் விஷயம். உள்ள லித்தியம் செல்லு அஞ்சு வரிசையா இருக்கும். ஒரு செல்லு சராசரியா 3.6 வோல்ட், அப்ப அஞ்சுக்கு 18. ஃபுல் சார்ஜ் பண்ணி வெளிய எடுத்த உடனே ஒவ்வொண்ணும் 4 வோல்ட் கிட்ட நிக்கும், அப்ப 20. ஒருத்தர் 18னு ஒட்டுறாரு, இன்னொருத்தர் 20 மேக்ஸ்னு ஒட்டுறாரு, உள்ள ஒரே பேட்டரிதான். 12 வோல்ட் மேக்ஸும் 10.8ம் அதே கதை, அங்க மூணு செல்லு. அதனால 18ஐ விட 20 பெருசுன்னு வாங்கியிருந்தா மனசை தேத்திக்கோங்க.

பேரு குழப்பத்துக்கு வர்றேன். ஹேமர் ட்ரில், அதையே இம்பாக்ட் ட்ரில்னும் சொல்லுவாங்க, உள்ள ரெண்டு பல்லு வச்ச வட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி ஏறி இறங்கும், அதுல பிட்டு முன்னாடி பின்னாடி துடிக்கும். ஒயர் மாடல்ல நிமிஷத்துக்கு 40 ஆயிரம் தட்டுக்கு மேல தட்டும், ஆனா ஒவ்வொரு தட்டும் குருவி கொத்துற மாதிரி. அது வேலை செய்யணும்னா நீங்க நல்லா அமுக்கணும். செங்கல்லுக்கு ராஜா, கான்கிரீட்ல ஒண்ணு ரெண்டு ஓட்டைக்கு முக்கி முனகி போகும்.

ரோட்டரி ஹேமர் வேற ஜாதி. உள்ள ஒரு பிஸ்டன் காத்தை அமுக்கி ஒரு குண்டை அடிக்கும், அந்தக் குண்டு பிட்டோட பின்பக்கத்தை அடிக்கும். நிமிஷத்துக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் அடிதான், ஆனா ஒவ்வொண்ணும் நிஜ சுத்தியல் அடி. பெட்டியில ஜூல்னு ஒரு கணக்கு போட்டிருப்பான், அதுதான் ஒரு அடியோட பலம், வீட்டுக்கு 2 ஜூல் தாராளம். இதுக்கு அமுக்கவே வேண்டாம், சும்மா பிடிச்சிக்கிட்டு நின்னா அதுவே போகும். பிட்டும் வேற மாதிரி, எஸ்டிஎஸ் பிளஸ்னு பேரு, வால்ல பள்ளம் பள்ளமா இருக்கும், தள்ளினா டக்குன்னு மாட்டிக்கும். உங்க ட்ரில் பிட்டு அதுல மாட்டாது.

இம்பாக்ட் டிரைவர்னு சொன்னீங்களே, அது செவத்துக்கே சம்பந்தம் இல்லாத சாமான். அதுவும் டகடகன்னு அடிக்கும், ஆனா முன்னாடி இல்ல, திருப்புற திசையில அடிக்கும். நீள ஸ்க்ரூ முடுக்க, துருப்பிடிச்ச போல்ட்டு கழட்ட. பேரைப் பாத்து ஏமாந்து வாங்கி செவத்துல வச்சு அழுதவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும்.

என் ஓட்டு: ரோட்டரி ஹேமர் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க. ஆயுசுக்கும் வரும்.

பழைய ஸ்பேனர்:

ஆறு ஓட்டைக்கா? தம்பி, நீங்க வருஷம் பூரா செவத்தைக் குடையுறவரு, உங்க கணக்கு வேற. தங்கச்சி, யார்கிட்டயாவது ஒரு மத்தியானத்துக்கு இரவல் வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க. பிட்டு மட்டும் சொந்தமா புதுசு வாங்குங்க, இரவல் மெஷினோட வர்ற பிட்டு மொட்டையாத்தான் இருக்கும், யாரும் நல்ல பிட்டை இரவல் குடுக்க மாட்டான். இந்த மாதிரி வேலை இன்னும் மூணு தடவை வந்தா அப்ப வாங்குறதைப் பத்தி யோசிக்கலாம்.

கால்இஞ்சுஉளி:

அண்ணே நான் குடையுறது உண்மைதான், ஒத்துக்குறேன். ஆனா ரெண்டடி தள்ளி செங்கல்ல மாட்டிக்கலாமேன்னு யாரும் சொல்லலையே? அங்க இருக்குற மெஷினே போதும்ல?

பால்கனிப்பூனை:

அங்க சோஃபா, அதுக்கு மேல ஷெல்ஃப் வந்தா உக்காந்து எந்திரிக்கும்போது தலையில இடிக்கும். ஜன்னலுக்கு மேலதான் வேணும். இரவல் மெஷினுக்கு ஒருத்தரைப் பிடிச்சிட்டேன், ஞாயித்துக்கிழமை தர்றேன்னாரு. அதுக்குள்ள போடுற முறையைச் சொல்லிடுங்க, ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு போனைப் பாத்து படிக்க முடியாது.

பழைய ஸ்பேனர்:

முதல் வேலை, அந்த ஸ்டூலை ஒதுக்கி வச்சிட்டு ஏணி எடுங்க. ரோட்டரி ஹேமர் பிட்டு கம்பியில மாட்டி நின்னா மெஷின் உங்க கையைத் திருகும், ஸ்டூல்ல நின்னா ஆளையே தள்ளிடும். பக்கவாட்டு கைப்பிடி ஒண்ணு குடுப்பாங்க, இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி வைக்காம மாட்டுங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்க, கான்கிரீட் தூசியில சிலிக்கா இருக்கு, அது நுரையீரலுக்கு ஆகாது. கையுறை மட்டும் வேண்டாம், சுத்துற பிட்டுல துணி சிக்கினா விரலையும் சேர்த்து இழுக்கும்.

ஒயர் எங்க போகுதுன்னு பாருங்க. ஸ்விட்ச் போர்டுக்கும் லைட் பாயிண்டுக்கும் நேர் மேல, நேர் கீழ, நேர் பக்கவாட்டுல பைப்பு போகும்னு வச்சுக்கணும், அந்தக் கோட்டுல கை வைக்கக் கூடாது. ஜன்னலுக்கு மேல லைட் ஏதாவது இருந்தா இன்னும் கவனம். சந்தேகமா இருந்தா அந்த செவத்தோட எம்சிபியை (மெயின் போர்டுல கரண்டை நிறுத்துற ஸ்விட்ச்) இறக்கிட்டு வேற ரூம்லேருந்து ஒயர் இழுத்து போடுங்க.

ஆறு மார்க்கையும் ஒரே தடவையில போடாதீங்க, இதை நிறைய பேரு பண்ணிட்டு அப்புறம் ஒரு ஓட்டை 3 மி.மீ. தள்ளிப் போயி மொத்தமும் பொருந்தாம நிப்பாங்க. முதல் பிராக்கெட்டோட மேல் ஓட்டை ஒண்ணு மட்டும் போடுங்க, பிராக்கெட்டை லூசா மாட்டுங்க, நேரா தொங்க விட்டு மத்த ஓட்டைக்கு மார்க் பண்ணுங்க. அப்புறம் பலகையை வச்சு ரசமட்டம் பாத்து அடுத்த பிராக்கெட்டோட மேல் ஓட்டை. பிராக்கெட்ல ஒரு கை நீளம் ஒரு கை குட்டையா இருந்தா நீளமான கை செவத்துல வரணும்.

ஏன்னு கேப்பீங்க. புக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கினா 20, 30 கிலோ சாதாரணமா வரும். 30னே வச்சுக்கோங்க, ஒரு பிராக்கெட்டுக்கு 15. அது செவத்துலேருந்து பலகையோட நடுவுல, பன்னெண்டரை செ.மீ. தள்ளி உக்காந்திருக்கு. மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவுல 15 செ.மீ. இருந்தா மேல் ஸ்க்ரூவை வெளிய பிடுங்குற இழுப்பு பன்னெண்டரை கிலோ. அந்த இடைவெளி பாதியாச்சுன்னா இழுப்பு ரெண்டு மடங்கு. கீழ் ஸ்க்ரூ செவத்தை அமுக்கிட்டு சும்மாதான் இருக்கும், மொத்த பாடும் மேல இருக்குறதுக்குத்தான். அதனால மேல் ஓட்டை நல்லா அமையலைன்னா அதை மட்டும் சமாதானம் பண்ணி விட்டுடாதீங்க.

8 மி.மீ. ரால் பிளக் (ஓட்டைக்குள்ள சொருகி, அதுக்குள்ள ஸ்க்ரூ முடுக்குற பிளாஸ்டிக் குழாய்), 5 மி.மீ. ஸ்க்ரூ, இது போதும். பிளக்கு நீளத்தோட பூச்சுக் கனத்தையும் கூட்டி, அதுக்கு மேல ஒரு 10 மி.மீ. சேர்த்து ஆழம் போடுங்க. பிளக்கு பூச்சுக்குள்ளயே உக்காந்தா ஒரு நாள் பூச்சோட சேர்ந்து கையில வந்துடும். அது கான்கிரீட்டுக்குள்ள இறங்கி உக்காரணும், அப்ப ஸ்க்ரூ நீளமும் அதுக்கேத்த மாதிரி கூடணும். ஆழம் தெரிய பிட்டுல டேப் சுத்திக்கோங்க. ஓட்டைக்குள்ள இருக்குற தூசியை ஊதி எடுங்க, கண்ணை மூடிக்கிட்டு. தூசி இருந்தா பிளக்கு பாதியில நின்னுடும், அப்புறம் சுத்தியலால அடிச்சு வளைச்சு வைப்பீங்க.

போகும்போது திடீர்னு நின்னு, ணங்குன்னு சத்தம் மாறி, இரும்புத் தூள் மாதிரி வந்தா கம்பி. அங்க மல்லுக்கட்டாதீங்க. லிண்டலைத் தாங்குறதே அந்தக் கம்பிதான், அதை வெட்டக் கூடாது. மூணு நாலு செ.மீ. தள்ளிக்கோங்க.

சும்மாவந்தவன்:

இவ்வளவு படிக்கிறதுக்கு புக்கை தரையிலயே அடுக்கிடலாம் போலயே.

மரைகழண்டவள்:

அந்த ஸ்க்ரூ தலை விஷயத்தை எல்லாரும் அப்படியே விட்டுட்டீங்க, நான் பிடிச்சுக்கிறேன், என் பேருக்கும் பொருத்தமா இருக்கு.

பூனை சிஸ்டர், பிளஸ் குறி எல்லாம் ஒரே பிளஸ் இல்ல. ஸ்க்ரூ தலையை உத்துப் பாருங்க. வெறும் பிளஸ் மட்டும் இருந்தா அது பிலிப்ஸ். பிளஸ்ஸோட கைகளுக்கு நடுவுல குறுக்க நாலு மெல்லிசு கோடு நட்சத்திரம் மாதிரி இருந்தா அது போசிட்ரிவ். பிலிப்ஸ் பிட்டை போசிட்ரிவ்ல வச்சா உக்காந்த மாதிரியே இருக்கும், முடுக்கும்போது ஏறி வெளிய வந்துடும். பிட்டு மேலயே பொடியா எழுதியிருக்கும், பிஎச் 2ன்னா பிலிப்ஸ், பிஇசட் 2ன்னா போசிட்ரிவ். வீட்டுல புழங்குற ஸ்க்ரூ முக்காவாசி 2ம் நம்பர்தான், ஆனா அந்த டப்பா செட்டுல 1ம் நம்பரும் 2ம் நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், சின்னதை எடுத்துடுவோம், அது உள்ள லொடலொடன்னு ஆடும். பிட்டைச் சொருகி கையை விட்டா ஸ்க்ரூ அதுலயே ஒட்டிக்கிட்டு ஆடாம நிக்கணும், ஆடினா வேற எடுங்க.

அப்புறம் அந்த 1 முதல் 18 வரை நம்பர் இருக்கே, அது ஸ்பீடு இல்ல. நானும் ஆறு மாசம் ஸ்பீடுன்னு நினைச்சு 18லயே வச்சு ஓட்டினேன். அது கிளட்ச். சின்ன நம்பர்ல வச்சா கொஞ்சம் டைட் ஆனதுமே டர்ர்ருன்னு சத்தம் போட்டு விட்டுடும், பெரிய நம்பர்னா நல்லா முறுக்கும். 5, 6ல ஆரம்பிச்சு பத்தலைன்னா ஏத்துங்க. மெஷின் மேல 1, 2ன்னு ஒரு தள்ளுற பட்டன் இருக்கும், அதுதான் கியர், ஸ்க்ரூவுக்கு 1. முடுக்கும்போது திருப்புறதை விட அமுக்குறது ஜாஸ்தியா இருக்கணும்.

மரத்துல முதல்ல சின்ன ஓட்டை போட்டுட்டு முடுக்கணும், இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. 4 மி.மீ. ஸ்க்ரூன்னா மென்மையான மரத்துக்கு 2.5 மி.மீ. பிட்டு, கெட்டியான மரத்துக்கு 3. இல்லைன்னா ஸ்க்ரூ தலை தேயும், இல்ல பலகை பிளக்கும், ரெண்டுல ஒண்ணு. மரையில கொஞ்சம் மெழுகு தேய்ச்சுட்டா இன்னும் சுகமா போகும்.

மாட்டிக்கிட்டதை எடுக்க, தலைக்கும் பிட்டுக்கும் நடுவுல அகலமான ரப்பர் பேண்டை வச்சு அமுக்கி மெதுவா ரிவர்ஸ்ல திருப்பிப் பாருங்க, பாதி தடவை வரும். தலை கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா கட்டிங் பிளேயரால இறுக்கிப் பிடிச்சு திருகுங்க. ரெண்டும் ஆகலைன்னா அது பழகுற மரத்துண்டுதானே, ஞாபகார்த்தமா வச்சுக்கோங்க.

பால்கனிப்பூனை:

ரப்பர் பேண்டு வேலை செய்யுது!! நாலாவது தடவையில வந்துடுச்சு. ஸ்க்ரூவுல அந்த நாலு கோடு இருக்கு, நான் போட்டது பிஎச் 1. ரெண்டு தப்பு ஒரே நேரத்துல.

பால்கனிப்பூனை:

ஞாயித்துக்கிழமை அப்டேட். இரவல் மெஷின் வந்துச்சு, எஸ்டிஎஸ் 8 மி.மீ. பிட்டு நானே புதுசா வாங்கினேன். முதல் ஓட்டை பத்து செகண்டுக்குள்ள முடிஞ்சுது, நான் ஒரு மணி நேரம் தொங்கின அதே இடத்துல. கோவமே வந்துடுச்சு. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது ஓட்டையில ணங்குன்னு சத்தம், அண்ணன் சொன்ன மாதிரியே, கை லேசா திருகுச்சு, பக்க கைப்பிடி இருந்ததால தப்பிச்சேன். நாலு செ.மீ. தள்ளினேன், போயிடுச்சு.

ஆனா ரெண்டாவது பிராக்கெட்டோட மேல் ஓட்டையில ஒரு பிரச்சனை. அதுல ஆரம்பிக்கும்போது பிட்டு நழுவி, திரும்ப வச்சு, ஆட்டி ஆட்டி போட்டதுல ஓட்டை பெருசாயிடுச்சு. பிளக்கு உள்ள போகுது, ஸ்க்ரூ முடுக்கினா பிளக்கும் சேர்ந்து சுத்துது. என்ன பண்றது?

சும்மாவந்தவன்:

தீக்குச்சி ரெண்டு உடைச்சு ஓரத்துல சொருகுங்க, டைட் ஆயிடும். எங்க வீட்டுல பாதி சாமான் தீக்குச்சியிலதான் நிக்குது.

பழைய ஸ்பேனர்:

காலண்டர் மாட்டுறதுன்னா நானும் அதைத்தான் பண்ணுவேன். பிளாஸ்டிக் பிளக்கு வர்றதுக்கு முன்னாடி செவத்தைக் கொத்தி கட்டை அடிச்சு அதுலதான் ஸ்க்ரூ போடுவாங்க, மரம் ஒண்ணும் கெட்ட சாமான் இல்ல. ஜெர்மனிக்காரர் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958ல விரியுற மாதிரி பிளாஸ்டிக் பிளக்கு கொண்டு வந்த பிறகுதான் இந்த வேலை இவ்வளவு சுளுவாச்சு. ஆனா தீக்குச்சி காஞ்சு சுருங்கும், தங்கச்சி மாட்டுறது ஆளுங்க நடமாடுற இடத்துல 30 கிலோ, அதுவும் மேல் ஓட்டை. அங்க வேண்டாம்.

ரெண்டு வழி இருக்கு. பிராக்கெட் ஓட்டையில 6 மி.மீ. ஸ்க்ரூ நுழைஞ்சா அதே ஓட்டையை 10 மி.மீ. பிட்டால நேராக்கி 10 மி.மீ. பிளக்கு போடுங்க, அது சுத்தமான வேலை. நுழையலைன்னா ரெண்டு டியூபைக் கலக்குற எபாக்ஸி பசை வாங்கி, ஓட்டையில தூசி துளி இல்லாம ஊதிட்டு, உள்ள நிரப்பி பிளக்கைச் சொருகி விட்டுடுங்க. ஸ்க்ரூவை உடனே முடுக்காதீங்க, பாக்கெட்ல போட்டிருக்குற நேரம் முழுசும் காயட்டும், பொறுமை இல்லாம அரை மணி நேரத்துல முடுக்கினா திரும்பவும் சுத்தும். அடுத்த தடவை ஓட்டை ஆரம்பிக்கும்போது மார்க் மேல ஆணி வச்சு ஒரு தட்டு தட்டி சின்ன குழி பண்ணிக்கோங்க, பிட்டு நழுவாது.

கால்இஞ்சுஉளி:

10 மி.மீ. போடுங்க. மெஷின் இன்னும் கையில இருக்குல்ல? அது போறதுக்குள்ள முடிச்சிடுங்க.

அப்புறம் வேற யாராவது இதைப் படிச்சிட்டு எல்லா செவத்துலயும் ரோட்டரி ஹேமரைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. லேசா, வெள்ளையா, நகத்தால கீறினாலே கோடு விழுற ஏஏசி பிளாக் செவம்னா அடிக்கிற மோடே கூடாது, சும்மா சுத்த விட்டாலே போகும், அடிச்சா ஓட்டை குகை ஆயிடும். அதுக்கு பிளக்கும் தனி. பாத்ரூம் டைல்ஸ்லயும் அப்படித்தான், டைல்ஸ் தாண்டுற வரைக்கும் அடி வேண்டாம், மேல மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவா போங்க. விட்ரிஃபைடு டைல்ஸ்னா டைமண்ட் பிட்டு, கூட தண்ணி.

மரைகழண்டவள்:

சிஸ்டர் அந்த முப்பது பிட்டு டப்பாவுல உருப்படியா எத்தனை தேறுச்சு? நான் என்னோடதை எண்ணிப் பாத்தேன், ரெண்டு வருஷத்துல நாலுதான் எடுத்திருக்கேன். அந்த நாலையும் தனியா நல்லதா வாங்கியிருக்கலாம்.

பால்கனிப்பூனை:

எனக்கு இதுவரைக்கும் மூணு, அதுல ஒண்ணு நீலம்.

10 மி.மீ. பிளக்குதான் போட்டேன், 6 மி.மீ. ஸ்க்ரூ பிராக்கெட்ல மயிரிழையில நுழைஞ்சுது. நல்லா பிடிச்சுக்கிச்சு, ரெண்டு கையால தொங்கிப் பாத்தேன், அசையல. (தொங்குறது சரியான டெஸ்டான்னு தெரியல, திட்டாதீங்க.) புக்கெல்லாம் ஏத்தியாச்சு. கீழ விழுந்த தூசியைக் கூட்டி முடிக்கத்தான் ஓட்டை போட்டதை விட நேரம் ஆச்சு, ஓட்டைக்குக் கீழ ஒரு கவரை டேப் போட்டு ஒட்டியிருந்தா இவ்வளவு வேலை இல்லைன்னு இப்பதான் தோணுது.

கம்பிக்காக நாலு செ.மீ. தள்ளினதுல ஷெல்ஃப் ஜன்னலுக்கு நேர் நடுவுல இல்ல, கொஞ்சம் இடது பக்கம் போயிடுச்சு. வீட்டுல இன்னும் யாரும் கவனிக்கல.

பழைய ஸ்பேனர்:

மெஷினைத் துடைச்சுக் குடுங்க. எஸ்டிஎஸ் பிட்டு வாலுல கொஞ்சம் கிரீஸ் தடவி எடுத்து வைங்க, துருப்பிடிக்காது. ஷெல்ஃப் தள்ளி இருக்குறதை நீங்களா சொல்லாத வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பால்கனிப்பூனை:

சொல்லிட்டேனே இப்ப, இங்க.